பாம்பின் பெயரும் தொழிலாளியின் காலும்

"தோட்டத்துச் சனங்களுக்குப் பாம்பென்றால் எல்லாம் ஒன்றுதான். நஞ்சுள்ளது எது, நஞ்சற்றது எது என்று பிரித்தறியத் தெரியாது. கண்டவுடன் மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள்." இயற்கையைப் பாதுகாக்கப் புறப்பட்ட கனவான்கள் மலைநாட்டு மண்டபங்களிலே இவ்வாறு பேசக் கேட்கிறோம். பேச்சின் முடிவில் வண்ணப்படங்கள் காட்டப்படும், தேநீர் வழங்கப்படும். அந்தத் தேநீருக்குக் கொழுந்து பறித்தவள் எத்தனை கான்களை எவ்விதக் காலணியோடு தாண்டினாள் என்ற கேள்வி மட்டும் அம்மண்டபங்களில் எழுவதில்லை.

குற்றச்சாட்டு முழுப் பொய் என்று வாதாட நாம் வரவில்லை. மலையகப் பாடசாலைகளிற் கற்பித்த காலத்தில், பாம்படித்த செய்தியைக் கேளாத வாரம் நமக்கு அருமை. அடிபட்டவற்றுட் பெரும்பாலானவை எவருக்கும் எத்தீங்கும் செய்ய இயலாதவை என்பதும் உண்மையே. நமது வினா வேறு. ஒரு மக்கட் கூட்டம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மண்ணிலே உழைத்து, அம்மண்ணை அங்குலம் அங்குலமாகக் கையாலும் முள்ளாலும் கிளறிய பின்னரும், அதே மண்ணில் தம்மோடு வாழும் உயிர்களின் பெயரை அறியாதிருக்கிறதென்றால் அதற்குக் காரணம் என்ன? "மூடநம்பிக்கை" என்ற ஒரு சொல்லை எறிந்துவிட்டு நகர்ந்துவிடுவது கனவான்களுக்கு எளிது. ஆனால் அறியாமைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தில் இலாபம் கண்டவர்களும் உண்டு.

1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதன் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியிற் செத்தவர் போக எஞ்சியோர் தூக்கி வந்த மூட்டைகளில் மாரியம்மன் இருந்தாள், காமன் கூத்து இருந்தது, ஒப்பாரி இருந்தது. பாம்புகளின் பெயர்களும் இருந்தன. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை, சாரை: இவை வயல் வரப்பிலும் கள்ளிப் புதரிலும் பல தலைமுறையாகக் கண்டும், கடியுண்டும், செத்தும் பெற்ற அறிவின் பெயர்கள். அந்த அறிவு அறியாமை அன்று. ஓர் உழவர் சமூகத்தின் விஞ்ஞானம் அது.

மலையிலோ பாம்புகள் வேறு. இலங்கையில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட பாம்பினங்களில் ஏறத்தாழப் பாதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுட் பல இந்த ஈரமலைகளுக்கே உரியவை. சேலத்துக் குடியானவன் இவற்றைக் கனவிலும் கண்டிருக்க முடியாது. ஆகவே அவன் கையிலிருந்த பெயர்கள் இங்கே பொருந்தவில்லை; கண்முன் நின்ற உயிர்களுக்கு அவன் கையிற் பெயர் இல்லை. பொருந்தாத பெயரைப் பொருத்தினான்; பருத்துக் குறுகியது எல்லாம் விரியன், நெளிந்து ஓடியது எல்லாம் சாரை என்றாயிற்று. எஞ்சியது எல்லாம் வெறும் "பாம்பு".

பெயரில்லாத இடத்திற் புதுப்பெயர் இடும் ஆற்றல் தமிழுக்கு இல்லாமற் போகவில்லை. மூக்கு மேல்நோக்கி உயர்ந்த குழிவிரியன் ஒன்றைத் தமிழிலே கோப்பி விரியன் என்று சொல்வது உண்டு. உடலின் நிறத்தாலோ, கோப்பித் தோட்டத்துச் சருகில் மிதிபட்டதாலோ, எதனால் வந்ததாயினும், ஒரு பயிர் அழிந்து நூறாண்டுகளுக்கு மேலான பின்பும் அதன் பெயரை ஒரு பாம்பு சுமந்து நிற்கிறது. தேயிலைக் காலத்திலே இத்தகைய பெயர்கள் ஏன் மேலும் மேலும் பிறக்கவில்லை? பெயர் வைப்பதற்கு நின்று பார்க்க வேண்டும். பெரட்டுக்கு நேரம் தவறினால் அன்றைய பெயர் விழாது. பறித்த கொழுந்து நிறைக்குக் குறைந்தால் அரைப்பெயர். இந்த ஏற்பாட்டிலே சருகுக்குள் ஒரு பாம்பைக் கண்டவள் அது என்ன இனமென்று நின்று நோக்குவாளா?

இன்னொரு காரணம் வேலிக்கு அப்பால் இருந்தது. அடுத்த கிராமத்துச் சிங்கள விவசாயிக்கு இம்மலையின் பாம்புகள் பல தலைமுறையாகத் தெரியும். கோப்பி விரியனை அவன் குணகட்டுவா என்றும் பொலன் தெலிஸ்ஸா என்றும் சொல்வான். பச்சை நிறக் குழிவிரியன் அவனுக்குப் பலா பொலங்கா. மண்ணுக்குள் வாழும் சாதுவான சிறு பாம்புகள் மெடில்லா, துடுல்லா. ஒரே ஓடையில் நீர் அள்ளிய இரு கூட்டத்தாருக்கு இடையே இச்சொற்கள் ஏன் கடந்து வரவில்லை? 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டி விவசாயியின் மேட்டுநிலம் பறிபோயிற்று. பறித்த நிலத்திலே கொண்டுவந்து இருத்தப்பட்டவன் தமிழ்த் தொழிலாளி. பறித்தவன் துரை, பகை மூண்டதோ பறிகொடுத்தவனுக்கும் கொண்டுவரப்பட்டவனுக்கும் இடையே. தோட்டத்து எல்லையைத் தாண்டிக் கிராமத்தோடு புழங்காத ஒரு கூலிப்பட்டாளமே முதலாளிக்கு வசதியாக இருந்தது. 1948-இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டபோது அந்த வேலி இன்னும் உயர்ந்தது. குணகட்டுவா என்ற ஒரு சொல் வேலியைத் தாண்டி வராததால் எத்தனை கால்கள் வீங்கின என்று எவரும் கணக்கெடுத்ததில்லை.

நிற்க. அடிபடும் பாம்புகள் எவை என்று பார்ப்போம். இவ்விடத்திற் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர்களாகிய நம்மிற் பலரும் இவற்றைப் படத்திலேனும் கண்டதில்லை.

உயர்மலையில், குறிப்பாக நுவரெலியாப் பக்கத்து மரக்கறிப் பாத்திகளிலும் கல்லடியிலும், மிக எளிதில் அகப்படுவது கபில நிறமான ஒரு சிறு பாம்பு. நீளம் ஒரு முழத்துக்கு உட்பட்டது, தலை கழுத்திலிருந்து பிரிந்து தெரியாது, வால் குட்டை. உண்பது மண்புழு. கையில் எடுத்தாலும் கடிக்க முனையாது. விலங்கியலார் இதற்கு வைத்த பெயர் அஸ்பிடுரா. இதன் உறவினங்கள் எல்லாம் இத்தீவில் மட்டுமே வாழ்வன.

அடுத்தது, முள்ளுக் குத்தும்போது மண்ணோடு புரண்டு வரும் துடுல்லா வகை. உடல் மழமழவென்று மின்னும். தலை மண்ணைத் துளைக்கக் கூராயிருக்கும். வாலோ அரிவாளால் வெட்டி விட்டதுபோல் மொட்டையாய், சொரசொரப்பான கேடயம் ஒன்றைத் தாங்கி நிற்கும். இரண்டு முனையும் ஐயத்துக்கு இடமாக இருப்பதால் இதற்கு இரண்டு தலை என்றும், ஆறு மாதம் ஒரு தலையாற் கடிக்கும், ஆறு மாதம் மறு தலையாற் கடிக்கும் என்றும் கதை பிறந்தது. உண்மையில் இது எந்த முனையாலும் கடிப்பதில்லை. நஞ்சும் இல்லை. மண்ணுக்குள்ளேயே குட்டி ஈன்று, மண்புழுவைத் தின்று, மண்ணைத் துளைத்து இளக்கிக்கொண்டு வாழ்கிறது. தோட்டத்திலே சம்பளமின்றி முள்ளுக் குத்தும் ஒரே பிராணி இதுதான் என்று நம் நண்பர் ஒருவர் சொல்வார்.

பச்சைப் பாம்புகளில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். சவுக்குப்போல் மெலிந்து, மூக்கு ஊசியாய் நீண்டு, கண்ணின் பாவை படுக்கைக் கோடாய் இருப்பது கண்குத்திப் பாம்பு. அது எவர் கண்ணையும் குத்துவதில்லை. அதன் நஞ்சு பல்லி ஓணானுக்கு மட்டுமே போதுமானது. தடித்த உடலும், முக்கோணத் தலையும், பச்சையின்மேற் கருங்கோலமும், நின்ற கோடாய்ப் பாவையும் உடையது பச்சை விரியன். தேயிலைச் செடியின் மேற்கொப்பிலே சுருண்டு கிடந்து, கொழுந்துக்கு நீளும் விரலைக் கடிப்பது இதுவே. உயிர் போவது அரிது. வீக்கமும் வலியும் கடுமை. பல நாள் வேலை போகும். கண்குத்தியைக் கண்டு அலறிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடியவள், பச்சை விரியனைக் கொப்பென்று நினைத்துக் கைவைத்த கதையை நாம் கேட்டிருக்கிறோம்.

கடைசியாகக் கோப்பி விரியன். ஒரு முழ நீளம்கூட இராது. தலை முக்கோணம், மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், உடலின் இருமருங்கும் கரிய முக்கோணப் புள்ளிகள், வால் திடீரென்று மெலியும். சருகின் நிறமே அதன் நிறம். ஆள் அரவம் கேட்டால் ஏனைய பாம்புகள் விலகும். இது விலகாது, தலையைச் சாய்வாக உயர்த்தியபடி கிடந்த இடத்திலேயே கிடக்கும். மிதித்த பிறகே அது பாம்பென்று தெரியும். இதில் மூன்று இனங்கள் உண்டென்பதும், அவற்றுள் இரண்டு இலங்கைக்கே உரியவை என்பதும் 2009-இல் வெளியான ஆய்வொன்றினால் தெளிவாயிற்று. இத்தீவில் நச்சுப்பாம்புக் கடிகளுட் பெருந்தொகையானவை இக்கோப்பி விரியனால் நிகழ்பவை என்று மருத்துவ ஆய்வுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

நாம் கற்பித்த பாடசாலை ஒன்றிலே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருநாள் ஜாம் போத்தலில் ஒரு பாம்பைக் கொண்டுவந்தனர். நசுங்கிய தலை, விரல் மொத்தம். "விரியன் குட்டி சேர்" என்றான் ஒருவன். மற்றவன் அது "கட்டு விரியன்" என்றான். அஸ்பிடுரா என்ற அந்த அப்பாவி அது. மறுநாள் ஒரு மாணவனின் பாட்டியார் வழியில் நம்மை மறித்தார். "பாம்புன்னா பாம்புதாங்க மாஸ்டர். பேரைக் கேட்டுக்கிட்டு நின்னா அது சும்மா இருக்குமா?" நாற்பது ஆண்டு மலையேறிய அந்தக் கால்களைப் பார்த்தபின் அக்கேள்வியை மூடத்தனம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஒன்றை இனங்காணத் தவறினால் வரும் நட்டத்தை முழுவதும் தானே தாங்க வேண்டியவள், எல்லாவற்றையும் பகை என்று கொள்வது அவள் நிலையில் நியாயமான கணக்கு. அந்தக் கணக்கை மாற்ற விரும்புவோர் அவள் காலிலிருந்து தொடங்க வேண்டும்.

மந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வை பார்ப்பதும், வேப்பிலை அடிப்பதும், விஷக்கல் வைப்பதும் மலையகத்தில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பகுத்தறிவாளர்கள் இதைக் கண்டு நகைக்கிறார்கள். ஆனால் மந்திரவாதியின் கீர்த்திக்கு அடிப்படை எது என்பதை அவர்கள் சிந்திப்பதில்லை. கடித்தது எதுவென்று எவருக்கும் தெரியாது. கடிக்கும் பாம்புகளிற் பல நஞ்சற்றவை. நஞ்சுள்ளது கடித்தாலும் நஞ்சு ஏறாத கடிகள் உண்டு. பத்துப் பேருக்கு வேப்பிலை அடித்தால் பெரும்பாலோர் பிழைத்தே தீர்வர். பிழைத்தவர்கள் மந்திரவாதியின் கணக்கில் வரவு. செத்தவன் விதியின் கணக்கில் செலவு. பாம்புக்குப் பெயர் தெரியாத ஊரில்தான் இந்தக் கணக்கு செல்லும். ஊரார் பாம்பின் இனம் அறியும் நாளில் மந்திரவாதி தானாகக் கடையைக் கட்டுவான். அவனை ஏசி நாம் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனிக் கடிபடுவோர் யார் என்று பார்ப்போம். 2012, 2013 ஆண்டுகளில் நாடு முழுவதும் வீடுவீடாகச் சென்று நடத்திய கணிப்பின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக் கடிக்கு ஆளாகின்றனர். 30,000 பேருக்கு மேல் நஞ்சேறுகிறது. 460 பேருக்கு மேல் இறக்கின்றனர் என்பது அதன் மதிப்பீடு. வறண்ட வலயத்தோடு ஒப்பிட்டால் உயர்மலையில் ஆபத்துக் குறைவு என்பதையும் அதே கணிப்புக் காட்டுகிறது. இதை மறைத்து வாதாடுவது நேர்மையன்று. ஆனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களும், பதுளை, மாத்தளைச் சரிவுகளும் உயர்மலை அல்ல. அங்கே சருகும் விரியனும் மலிந்து கிடக்கின்றன. "சராசரி குறைவு" என்ற ஆறுதல் மிதித்தவளின் வீக்கத்தை வடியச் செய்வதில்லை.

கோப்பி விரியன் பெரும்பாலும் கடிப்பது பாதத்தில்; விறகு பொறுக்கும்போது கையில். அந்தியிலும் இரவிலும் அது ஊர்கிறது. இந்த உண்மைகளைத் தோட்டத்து வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். லயத்திலிருந்து விலகி நிற்கும் மலசலகூடத்துக்கு இருட்டிலே போகிறவள் யார்? கானுக்குள் சருகு மூடிக் கிடக்க, முதுகிலே கூடையும் இடுப்பிலே படங்குமாக, தன் காலைத் தானே பார்க்க இயலாமல் சரிவில் இறங்குகிறவள் யார்? அடுப்புக்கு விறகு தேடி எல்லைக் காட்டின் சருகைக் கையால் விலக்குகிறவள் யார்? 1992-இல் கம்பனிகளின் கைக்கு மாறிய தோட்டங்களிற் பல மலைகள் இன்று புல்லேறிக் காடாகி நிற்கின்றன. புல்லு வெட்டும் செலவைக் கம்பனி மிச்சம் பிடிக்கிறது. குளவிக்கொட்டுக்கு இரையாகும் தொழிலாளரைப் பற்றிய செய்திகள் பத்திரிகையில் ஓயாமல் வருகின்றன. அதே புல்லுக்குள்தான் விரியனும் இருக்கிறது. இந்நிலையில் "பாம்பைக் கொல்லாதீர்" என்று தொழிலாளிக்கு உபதேசிப்பவர்கள், "புல்லை வெட்டு" என்று கம்பனிக்கு ஒருமுறையேனும் சொன்னதுண்டா?

வேலையின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு அளிக்க 1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. ஆயினும் லயத்துப் பின்புறத்திலே, கம்பனியின் நிலத்திலே, கம்பனி கட்டாத மலசலகூடத்துக்கு மாற்றாகப் புதரைத் தேடிப் போனவள் கடியுண்டால் அவள் அப்போது "வேலையில்" இருந்தாளா? சட்டம் படித்தோர் விடை கூறட்டும்.

மருத்துவமனை வாசலிலே கதை முடிந்துவிடுவதில்லை. அங்கேதான் அதன் கொடுமையான பகுதி தொடங்குகிறது. இந்நாட்டு மருத்துவமனைகளில் நெடுங்காலமாக இருந்துவருவது இந்தியாவிலிருந்து இறக்குமதியாகும் பாம்புநஞ்சு முறிமருந்து. அது நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டு ஆக்கப்படுவது: நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் சுருட்டை விரியன் இலங்கையில் வாழ்வது வறண்ட கரையோரத்திலே. மலையில் அதைத் தேடினாலும் கிடையாது. கோப்பி விரியனோ அந்த நான்கில் இல்லை. மலையில் இல்லாத பாம்புக்கு மருந்து உண்டு. மலையிற் கடிக்கும் பாம்புக்கு மருந்து இல்லை! கடியுண்டவர்களுட் சிலருக்கு இரத்தம் உறையும் தன்மை கெடுகிறது, சிறுநீரகம் செயலிழக்கிறது, சிலர் இறக்கவும் செய்கிறார்கள் என்பதை அரியரத்தினம் முதலிய மருத்துவர்கள் 2008-இல் ஓர் ஆய்விலே வெளியிட்டனர். கொண்டுவரப்பட்ட செத்த பாம்பை மருத்துவமனையினரே கண்ணாடி விரியன் என்றும் சுருட்டை என்றும் தவறாக இனங்கண்டு, பயனற்றதும் ஒவ்வாமை விளைக்கக் கூடியதுமான முறிமருந்தை ஏற்றியிருக்கிறார்கள் என்பதும் அதே ஆய்வின் செய்தி. ஆக, பாம்பின் பெயர் அறியாதவர் லயத்துப் பாட்டி மாத்திரம் அல்லர். வெள்ளை அங்கி அணிந்தவர்களுக்கும் அது தெரியவில்லை. ஆனால் மண்டபத்துக் கனவான்களின் நகைப்பு எவரை நோக்கிச் செல்கிறது?

அந்த இந்திய மருந்தின் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. அதற்குரிய நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருவோருள் முதன்மையானவர் தமிழ்நாட்டின் இருளர். 1978-இல் அவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் இன்றும் அத்தொழிலைச் செய்கிறது. காட்டுவாசிகள் என்று நாகரிக உலகு ஒதுக்கிய ஒரு மக்களின் இனங்காணும் அறிவே இலட்சக்கணக்கான உயிர்களுக்கு மருந்தாகிறது. உழைப்பாளியின் அறிவை மதித்து, ஒழுங்குபடுத்தி, விஞ்ஞானத்தோடு இணைத்தால் என்ன நிகழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கோப்பி விரியனின் நஞ்சையும் சேர்த்து இலங்கைக்கென ஒரு முறிமருந்தை ஆக்கும் முயற்சி கொஸ்தரிக்கா நாட்டு விஞ்ஞானிகளின் துணையோடு நடந்து, 2016-இல் ஆய்வுகூடப் பலன் வெளிவந்தது. வரவேற்கத் தக்கதே. ஆயினும் கடியுண்பவர் வறியவர்; அவர் வாங்கும் சக்தியற்ற சந்தை; சந்தை இல்லாத இடத்திலே மருந்து நகர்வது நத்தையின் வேகத்தில்தான். பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலிலே உலக சுகாதார நிறுவனம் சேர்த்ததே 2017-இல்தான்.

எழுத்தாளர்களாகிய நம்மவர் இதிலே என்ன செய்திருக்கிறார்கள்? சங்கப் புலவன் குறிஞ்சியைப் பாடும்போது, இரவில் மலைவழியே வரும் தலைவனுக்குப் பாம்பால் ஊறு நேருமோ என்று தோழியை அஞ்ச வைத்தான். அந்த அச்சத்தில் ஒரு வழி இருந்தது, ஒரு கால் இருந்தது, இருள் இருந்தது. பிற்காலத்தார் மாணிக்கம் உமிழும் நாகத்தையும் இடிகேட்டு மடியும் நாகத்தையும் விடாமற் சுமந்தனர். நம் காலத்து முற்போக்குக் கவிஞரோ முதலாளியை நச்சுப் பாம்பு என்று பாடிக் கைதட்டு வாங்குகிறார். பாம்பு எவரையும் சுரண்டியதில்லை. பாவம், அதற்குச் சம்பளப் புத்தகமும் கிடையாது. மலையகத்தைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளிலே பாம்பு உவமையாக ஊர்ந்த இடங்கள் பல. கொழுந்துக்காரியின் பாதத்தைக் கடித்த ஒரு முழ நீளத்துக் கோப்பி விரியனாக ஊர்ந்த இடங்களை விரல்விட்டு எண்ண விரல் தேவைப்படாது. யதார்த்தம் பற்றிப் பக்கம் பக்கமாக விவாதிக்கும் நமது ஏடுகளில் இக்குறை நமக்குச் சிறிதாகத் தெரியவில்லை.

அறிவு இல்லாமல் இல்லை. அது மேசைமேல் இருக்கிறது. கெலார்ட் 1852-இல் இந்நாட்டு விலங்குகளைத் தொகுத்து எழுதினார். பிராங்க் வோல் என்ற படை மருத்துவர் இலங்கைப் பாம்புகளைப் பற்றி எழுதிய பெருநூல் 1921-இல் வெளிவந்தது. அவர்கள் மேசைக்குச் சென்ற துடுல்லாவை மண்ணிலிருந்து கிளப்பிய முள் எவர் கையில் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆங்கிலத்திலே நூறாண்டாக இருக்கும் இவ்வறிவு தமிழிலே ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு வந்து சேரவில்லை. விஞ்ஞான பாடத்திலே ஊர்வன என்ற தலைப்பின்கீழ் அவன் மனனம் செய்வது செதிலும் குளிர்க்குருதியும். தன் லயத்துக் கானிலே கிடப்பது எதுவென்று அவனுக்கு எவரும் சொல்வதில்லை.

இதற்கு அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜாம் போத்தல் சம்பவத்துக்குப் பின் நமது வகுப்பிலே ஒரு பெரிய கடதாசியில் எட்டுப் பாம்புகளைப் பிள்ளைகள் வரைந்தனர். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி: தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், கடித்தால் என்ன ஆகும். சிங்களப் பெயர்களை மரக்கறி கொண்டுவரும் கிராமத்தவரிடம் கேட்டு வந்தார்கள்; அவர் தாமும் ஒரு பாம்பின் படத்தைத் திருத்திக் கொடுத்தார். தமிழ்ப் பெயர் இல்லாதவற்றுக்கு இடம் வெறுமையாய் விடப்பட்டது. அஸ்பிடுராவுக்கு "புழுத்தின்னி" என்று ஒரு சிறுமி எழுதினாள். அப்பெயரை எந்த அகராதியும் ஏற்க வேண்டியதில்லை. அந்த லயத்திலே அப்பெயருடைய பாம்பை இப்போது அடிப்பதில்லை. படத்தின் அடியில் எழுதியவை: கடித்த இடத்தைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, கடியுண்டவரை நடக்க விடாதே, கடிபட்ட அங்கத்தை அசைக்காதே, பாம்பைத் துரத்தாதே, தூர நின்று கைத்தொலைபேசியில் படம் எடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. பிள்ளைக் காம்பராவிலும் அதன் பிரதி ஒன்று தொங்குகிறது.

இது போதும் என்று சொல்பவர்கள் நம்மைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். பெயர் தெரிந்த பாம்பும் வெறுங்காலை மிதித்த இடத்திலே கடிக்கத்தான் செய்யும். கணுக்காலை மூடும் பாதணி, இரவுக்கு ஒரு டோர்ச், லயத்தோடு ஒட்டிய மலசலகூடம், புல்லு வெட்டிய மலை, அம்புலன்ஸ் வந்து திரும்பக்கூடிய பாதை: இவை விலங்கியல் அல்ல, தொழிற்சங்கக் கோரிக்கைகள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இன்று அம்புலன்ஸ் வருகிறது, நல்லது, ஆனால் குழிவிழுந்த தோட்டப் பாதையின் முகப்பிலே அது நின்றால், எஞ்சிய தூரத்தை நஞ்சேறிய காலோடு யார் கடப்பது? சம்பளத்தைப் பற்றிப் பேச மேசைக்குச் செல்லும் தலைவர்கள் ரூபாவையும் சதத்தையும் மட்டும் கேட்டுத் திரும்புகிறார்கள். பாதணியும் விளக்கும் தொழிற் கருவிகள், அவற்றைக் கம்பனியே வழங்க வேண்டும் என்று தீர்மானப் பத்திரத்தில் எழுத நான்கு வரி போதும். எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் அருகிலே இருக்கிறோம். அடுத்த மகாநாட்டுக்கு முன் கேட்டால் எழுதிக் கொடுக்கிறோம்.